பென்சன் சார் இருக்காரா?

அத்தியாயம் 14

கணவன் பென்சனின் மெயிலைத் திறக்க ரூபி பட்ட பாடு நமக்குத் தெரியும். எதையெதையோ போட்டுப் பார்த்து, கடைசியில், அவன் மட்டும் அவளைக் கூப்பிட்ட செல்லப் பெயரைப் போட்டபோது அது திறந்துகொண்டது. உள்ளே, கம்பெனி வெப்சைட்டின் பெயர் காலாவதியாகப் போகிறது என்ற எச்சரிக்கைகள் படிக்க ஆளில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பெயரைப் புதுப்பித்து, இனி எச்சரிக்கை வந்தால் தன் மெயிலுக்கு வரும்படி மாற்றிய பிறகுதான் அவள் அழுதாள். முதலில் வேலை, பிறகு அழுகை. இந்த ஒரு வருடத்தில் அவள் பழகிக்கொண்ட வரிசை அது.

பெயர் பிழைத்தது. ஷெட் பிழைக்குமா என்பதுதான் இப்போதைய கவலை.

மூக்கண்டப்பள்ளியில், சிப்காட் ரோட்டிலிருந்து ஒரு சந்து உள்ளே தள்ளி இருந்தது ‘பெனியேல் ஸ்பிரிங்ஸ்’. கம்பியைச் சுருட்டி ஸ்பிரிங் ஆக்கும் மெஷின் ஒன்று, அதை ஓட்டும் மாதம்மாள், சட்டர் கதவு. அவ்வளவுதான் ஷெட். அத்திப்பள்ளி ரோட்டில் ஒரு லாரி பென்சனின் பைக்கைத் தட்டிவிட்டுப் போன பிறகு, பழைய கம்பெனிக்காரர்கள் மெல்ல வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். புதிதாக ஒருவரும் வரவில்லை. பென்சனின் அண்ணன் அருள்ஜோசப் பொறுத்துப் பார்த்துவிட்டு, குடோனுக்கு இடம் தேடிய சௌந்தரராஜனிடம் பேசி முடித்துவிட்டார். சனிக்கிழமை சாவி கைமாற வேண்டும்.

“அந்த வெப்சைட்ல இருந்து ஒரே ஒரு புதுப் பார்ட்டி வரட்டும் ரூபி, நான் வாயே தொறக்கல” என்று அவர் சொல்லியிருந்தார். “ஆனா வராதும்மா. ஒரு வருசமா வராதது இனிமேலா வரும்?”

இன்று வியாழக்கிழமை.

காலையிலிருந்தே தூறல். எதிர்க் கம்பெனியின் சுவரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. ஷெட்டின் மூலையில் மேஜைமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, காதில் போனோடு உட்கார்ந்திருந்தாள் ரூபி. மறுமுனையில் சுவாதி. சிங்காரப்பேட்டைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது பெங்களூரில் ஊராருக்கு வெப்சைட் பார்த்துக் கொடுக்கிறாள்.

“ஏய், எதையும் தொடறதுக்கு முன்னாடி முழுசா ஒரு காப்பி எடுத்து வச்சியா?”

“எடுத்துட்டேன்டி.”

“எங்க வச்ச?”

“இதே லேப்டாப்லதான்.”

“லேப்டாப் போயிடுச்சுன்னா? வூட்டுச் சாவிய வூட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டிட்டு வர்ற ஆளுடி நீ. தனியா ஒரு பென் டிரைவ்ல போடு. போட்டுட்டு வா, அப்பறம் பேசலாம்.”

ரூபி போட்டுவிட்டு வந்தாள்.

“படத்தையெல்லாம் சின்னது பண்ணியா? நேத்து உன் சைட்டு திறக்கறதுக்குள்ள நான் பால் காய்ச்சி, காபி போட்டுக் குடிச்சே முடிச்சுட்டேன். அவ்ளோ நேரம் எவன் காத்திருப்பான்? அடுத்த கடைக்குப் போயிடுவான்.”

“பண்ணிட்டேன். இப்ப உடனே திறக்குது.”

“அந்தத் திறப்பு விழாப் படம் எதுக்கு? ரிப்பன் வெட்டறதைப் பாக்கவா வர்றாங்க? ஸ்பிரிங்கைக் காட்டு. எது எதுக்கு ஆகும்னு கீழ ஒரு வரி எழுது. அப்பறம், மேல என்னமோ ஓடிட்டிருக்கே, ‘இனிய புத்தாண்டு நல்வாழ்த்துகள்’னு. அது எந்த வருசத்துப் புத்தாண்டு?”

பென்சன் அந்த வெப்சைட்டில் கடைசியாகச் செய்த வேலை அது. அந்த எழுத்துக்குப் பச்சை நிறம் நன்றாக இருக்குமா, நீலமா என்று அவளிடம் கேட்டான். நீலம் என்றாள். பச்சையில்தான் போட்டான்.

“ரூபி?”

“இருக்கேன்.”

சுவாதியின் குரல் தணிந்தது. “எனக்குத் தெரியுதுடி. ஆனா பாக்கறவனுக்கு அது வாழ்த்து இல்ல. கடையைச் சாத்திட்டுப் போயிட்டாங்கன்னுதான் நெனப்பான்.”

ரூபி அந்த வரியை அழித்தாள். பக்கத்தின் மேல்பகுதி வெறுமையாக நின்றது. அங்கே, வேலையின் அனுபவத்தில் தெரிந்த ஒன்றை அவளே யோசித்து எழுதினாள்: ‘அளவு தெரியாவிட்டால் பரவாயில்லை. உடைந்த ஸ்பிரிங்கின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.’

“இது நல்லாருக்கு” என்றாள் சுவாதி. “இதைக் கன்னடத்துலயும் போடு. ஆனேக்கல், பொம்மசந்திராக்காரனெல்லாம் உன் கஸ்டமர்தான். அப்பறம் மேப்புல உன் கடைக்குக் கீழ ஜனங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பாத்தியா?”

பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். ஒற்றை நட்சத்திரம் போட்டு ஒருவர் எழுதியிருந்தார்: ‘எப்போது கூப்பிட்டாலும் ஓனர் தூங்குகிறாராம். நேரத்தை வீணாக்காதீர்கள்.’ அதற்குக் கீழே இன்னொருவர்: ‘தூங்கி எழுந்ததும் கடையை நடத்தலாம்.’

ரூபிக்கு முகம் சூடேறியது. “எவன்டி இது? ஆளே இல்லாதவரைப் போயி தூங்குறார்னு எழுதறான்? வேணும்னே எவனோ போட்டி ஸ்பிரிங் கடைக்காரன் பண்ற வேலை.”

“இருக்கலாம். கோவத்துல பதில் எழுதாத. இன்னிக்கு விடு. இப்ப கடைசியா ஒரு வேலை. இதுவரைக்கும் நீ கடைக்காரியா இருந்து பாத்த. இனி வாங்க வர்றவளா பாரு. போன்ல சைட்டைத் திற, ஒவ்வொண்ணாத் தொடு, எல்லாம் போற எடத்துக்குப் போவுதான்னு பாரு. நம்பரைத் தொட்டா கால் போகணும்.”

“அது பென்சன் நம்பர். அதுக்கு வர்ற கால் எனக்கு டைவர்ட் ஆகுதுடி. அருள் மாமா அப்பவே போட்டுக் குடுத்துட்டாரு.”

“கடைசியா எப்ப அது வேலை செய்யுதான்னு பாத்த?”

ரூபி யோசித்தாள். பார்த்ததே இல்லை. அந்த போன் அவளுடைய மாமியார் ஜெபசீலியின் அறையில், பென்சனின் சட்டைகள் இருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. பகலில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வீட்டுக்குப் போகிற ரூபி அந்த அறைக்குள் போவதில்லை. போனைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதும் இல்லை.

“வேற யாராச்சும் போன்ல இருந்து கூப்பிட்டுப் பாரு” என்று சொல்லிவிட்டு வைத்தாள் சுவாதி.

மெஷினை நிறுத்திவிட்டு மாதம்மாள் வந்தாள். கல்லாவி ஊர்க்காரி. சும்மா இருக்கும்போது கூட யாரையாவது கிண்டல் பண்ணினால்தான் அவளுக்கு நேரம் போகும்.

“என்னா ரூபியம்மா, உம் போன்ல காசு தீந்துபோச்சா?”

“அது இல்லக்கா. உங்க போன்ல நம்ம வெப்சைட்டைத் திறந்து தரேன். நம்பரைத் தொட்டா எனக்கு அடிக்கும். நீங்க கஸ்டமர் மாதிரி பேசுங்க.”

“உங்கிட்ட நானு கஸ்டமரா? அப்ப மரியாதையா பேசணும், ஆமா. வாங்க மேடம், உக்காருங்க மேடம்னு சொல்லணும்.”

ரூபி சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

மாதம்மாள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, நம்பரைத் தொட்டாள். ஸ்பீக்கரில் மணி போனது. ரூபி மேஜைமேல் இருந்த தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. மணி போய்க்கொண்டே இருந்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

“அலோ.”

ரூபியின் கை மேஜை விளிம்பைப் பற்றியது. அத்தையின் குரல். ஆனால் வீட்டில் கேட்கும் தேய்ந்த குரல் இல்லை. விருந்தாளி வந்த வீட்டுக்காரியின் குரல்.

மாதம்மாளுக்கு அது யார் என்று பிடிபடவில்லை. மூக்கால் பேசி ஆபீஸ்காரியாக நடித்தாள். “ஏங்க, ஸ்பிரிங் கம்பெனிங்களா? எங்களுக்கு ஸ்பிரிங் வேணும். பென்சன் சார் இருக்காருங்களா?”

“பென்சனா? எம் பையன்தாம்மா. தூங்குறான்.”

மாதம்மாளின் கண்கள் ரூபியிடம் ஓடின. இப்போது அவளுக்கும் குரல் புரிந்துவிட்டது. ஆனாலும் தொடங்கிய நாடகத்தை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. நாக்கு தானாகவே கேட்டுவிட்டது.

“எப்பங்க எந்திரிப்பாரு?”

“கர்த்தர் எழுப்பறப்போ எந்திரிப்பாம்மா” என்றது குரல், நிதானமாக. “நீங்க எந்த ஊரு? சாப்டீங்களா?”

மாதம்மாள் போனை அணைத்துவிட்டாள். தகரக் கூரையில் தூறல் மட்டும் கேட்டது.

“பாவம், அந்தம்மா…” என்று தொடங்கிய மாதம்மாள் பாதியில் நிறுத்திவிட்டு மெஷின் பக்கம் போனாள்.

ரூபிக்கு எல்லாம் ஒன்றாகக் கூடி வந்தது. கோடையில் அருள்ஜோசப் அந்த சிம்மை வேறு போன் கம்பெனிக்கு மாற்றினார். அப்போதே டைவர்ட் அறுந்திருக்க வேண்டும். வெப்சைட்டைப் பார்த்து ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். பட்டப்பகலில் கூப்பிட்டவர்களுக்கு, கம்பெனிக்காரன் தூங்குகிறான் என்று பதில் போயிருக்கிறது. தமிழில் கேட்டவருக்குத் தமிழில், கன்னடத்தில் கேட்டவருக்குக் கன்னடத்தில். மத்திகிரியில் பிறந்த ஜெபசீலிக்கு இரண்டும் ஒன்றுதான்.

குடையை எடுக்க மறந்து, நனைந்தபடியே வீட்டுக்கு நடந்தாள்.

ஜெபசீலி கட்டிலில் உட்கார்ந்து, பென்சனின் போனை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் அந்த அறைக்குள் வந்ததைக் கண்டு ஆச்சரியப்பட்டவளாக நகர்ந்து இடம் விட்டாள்.

“என்ன ரூபி, நனஞ்சுட்டு வந்திருக்க? தலையைத் துவட்டு.”

“அத்தை, இந்தப் போனுக்குக் கால் வருதா?”

“வருமே. நேத்து ஆனேக்கல்லுல இருந்து ஒருத்தர். ராஜசேகர்னு பேரு சொன்னாரு. நல்ல மனுசன், ஆனா கொஞ்சம் அவசரம். இப்ப சித்த முந்தி ஒரு பொம்பள. பேசிட்டிருக்கறப்பவே கட்டாயிடுச்சு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அத்தை.”

“உன்னை யாரும் கேக்கலயே. எல்லாரும் பென்சனைத்தான கேட்டாங்க.”

“நீங்க தூங்குறார்னு சொன்னீங்க.”

“ஆமா. பொய்யா சொன்னேன்?” ஜெபசீலி சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள். பென்சனின் படத்துக்குக் கீழே, அச்சடித்த எழுத்தில், ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றிருந்தது. “பாஸ்டர் சொன்னாரு. பேப்பர்ல போட்டாங்க. கல்லறையிலயும் வெட்டி வச்சிருக்காங்க. எல்லாரும் சொல்லலாம், பெத்தவ நான் சொன்னா மட்டும் தப்பா?”

“சபையில சொன்னா அது புரியும் அத்தை. ஸ்பிரிங் வாங்க வர்றவனுக்கு எப்படிப் புரியும்? கம்பெனிக்காரன் பகல்லயே படுத்துத் தூங்குறான்னு நெனச்சிட்டுப் போயிட்டாங்க. எழுதியே வச்சிருக்காங்க.”

ஜெபசீலி போனைத் துடைப்பதை நிறுத்தினாள்.

“அப்ப இன்னா சொல்லணுங்கற?” என்றாள் கடைசியில். “அந்த வார்த்தையைச் சொல்லணுமா? என் வாயால?”

ரூபி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

“இந்த வூட்ல யாராச்சும் அவன் பேரைச் சொல்றீங்களா? அருள் சொல்றானா? நீ சொல்றியா? சாப்பாடு போடறோம், விளக்கணைக்கறோம், படுக்கறோம். இதுல மட்டுந்தான்…” போனை உயர்த்திக் காட்டினாள். “இதுல மட்டுந்தான், ‘பென்சன் சார் இருக்காரா’ன்னு கேக்கறாங்க. சாருன்னு சொல்றாங்க ரூபி. இருக்கறவனைக் கேக்கறாப்புல கேக்கறாங்க.”

கோபத்தோடு வந்தவள் ரூபி. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் சனிக்கிழமை யாருக்காகவும் நிற்கப்போவதில்லை. லேப்டாப்பைத் திறந்தாள்.

நம்பர் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. முகப்பில் இருந்தது, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருந்தது, வாட்ஸ்அப் பொத்தானுக்குப் பின்னால் இருந்தது, மேப்பிலும் இருந்தது. ஓரிடத்தில் பழையதும் ஓரிடத்தில் புதியதும் நின்றால் பார்ப்பவருக்கு எதன்மேலும் நம்பிக்கை வராது என்று சுவாதி சொல்லியிருந்தாள். ரூபி ஒவ்வொன்றாகத் தேடி அழித்து, அந்த இடத்தில் தன் நம்பரை எழுதினாள். பென்சனின் நம்பரை அவள் எப்போதோ மனப்பாடம் செய்திருந்தாள். அதனால் ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் கண் பார்க்காமலே மனம் அதைச் சொல்லிக்கொண்டது.

ஜெபசீலி கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“மாத்திட்டா இதுக்கு இனி யாரும் கூப்பிட மாட்டாங்களா?”

“நம்பரை முன்னமே எழுதி வச்சிருக்கறவங்க கூப்பிடுவாங்க அத்தை.”

“புதுசா?”

“வராது.”

ஜெபசீலி போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, அரிசி களைய வேண்டும் என்று முனகிக்கொண்டே சமையலறைக்குப் போனாள். ரூபி பொத்தானை அழுத்தினாள். மாறிவிட்டது. அவ்வளவு சீக்கிரம் மாறியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

கட்டில்மேல் கிடந்த போனை எடுத்து, அதில் வந்திருந்த அழைப்புகளைப் பார்த்தாள். எல்லாமே தெரியாத நம்பர்கள். ஒவ்வொன்றுக்கும் திரும்பக் கூப்பிட்டாள். சிலர் எடுக்கவில்லை. எடுத்த சிலர், வேறு இடத்தில் வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள். ஆனேக்கல் ராஜசேகர் எடுத்தார். அவருடைய தமிழில் கன்னடம் கலந்திருந்தது.

“ஓ, பெனியேல் ஸ்பிரிங்ஸா? என்ன மேடம், உங்க ஓனரு எந்திரிச்சிட்டாரா?” சிரித்தார். பின்னால் யாரோ கூடச் சிரிப்பது கேட்டது.

சமையலறையில் அரிசி களையும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ரூபி கண்ணை மூடிக்கொண்டாள். இந்த ஒரு வருடத்தில் அவளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. மற்றவர்கள்தான் அவளுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“அவர் இறந்துட்டார் சார். நேத்து உங்ககிட்ட பேசினது அவரோட அம்மா.”

அரிசி களையும் சத்தம் நின்றது.

போனிலும் சிரிப்பு நின்றது. “அய்யய்யோ… க்ஷமிஸி மேடம். எனக்குத் தெரியாது. நான் அந்தம்மாகிட்ட கொஞ்சம் கோவமா பேசிட்டேன். எழுப்பி விடுங்கம்மான்னு கத்திட்டேன்.”

“பரவால்ல சார். ஸ்பிரிங் இன்னும் வேணுமா?”

“காலையிலதான் மேடம் பீன்யாவுல வேற கம்பெனிக்கு ஆர்டர் குடுத்துட்டேன். ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா உங்களுக்கே குடுத்திருப்பேன். அடுத்த தடவை கண்டிப்பா.”

அடுத்த தடவை. ரூபி நன்றி சொல்லி வைத்தாள்.

ஷிஃப்ட் முடிந்து அருள்ஜோசப் வந்தபோது வெளிச்சம் குறைந்திருந்தது. கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முரட்டு ஆள் என்று சொல்ல முடியாது. தம்பி போனதிலிருந்து எதையாவது முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“சௌந்தரராஜன் மறுபடியும் போன் பண்ணிட்டார். சனிக்கிழமை காலையிலயே வரேங்கறார். உன் வெப்சைட்டு வேலை என்ன ஆச்சு?”

“சரி பண்ணிட்டேன் மாமா. இனிமே ஆள் வருவாங்க. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும்.”

“இதைத்தானம்மா போன மாசமும் சொன்ன. அப்படி என்ன கோளாறு இருந்துச்சு அதுல? கண்டுபிடிச்சியா?”

சமையலறை வாசலில் ஜெபசீலி நின்றிருந்தாள். கையில் ஈரம் காயவில்லை. ரூபி அவளைப் பார்த்தாள், உடனே பார்வையை விலக்கிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் ஷெட்டுக்கு ஒரு வழி பிறக்கலாம். ஆட்கள் தேடித்தான் வந்தார்கள் என்று மாமாவுக்குப் புரியும். ஆனால் அதைச் சொல்ல, அத்தையை இந்த நாற்காலிக்கு முன்னால் நிறுத்த வேண்டும்.

“நம்பர் தப்பா இருந்துச்சு மாமா” என்றாள்.

“என்னது?”

“வெப்சைட்ல போன் நம்பர் தப்பா போட்டிருந்தது. அதான் யாருக்கும் கால் கெடைக்கல.”

அருள்ஜோசப் தலையில் கை வைத்துக்கொண்டார். “நம்பரையே தப்பா போட்டுட்டு ஒரு கம்பெனியா? அத்தனையும் அவன் போட்டதுதான? எப்பவுமே இப்படித்தான் அவன். எதையும் ஒரு தரத்துக்கு ரெண்டு தரம் பாக்க மாட்டான். ரோட்லயும் பாக்கல, இதுலயும்…” மேலே போகாமல் நிறுத்திக்கொண்டார். “அவன் பண்ணி வச்ச தப்புக்கு நாம இத்தனை நாள் வேற எங்கயோ தேடியிருக்கோம் பாரு.”

ரூபி வாயைத் திறந்தாள். தான் சொன்ன பொய் போய் யார்மேல் விழுந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பதில் சொல்ல முடியாத ஒருவன்மேல்.

“நம்பர் சரிதான் அருள்.”

ஜெபசீலி வாசலை விட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டாள். வந்து, மூத்த மகனுக்கு நேர் எதிரில் நின்றாள்.

“அவன் சரியாத்தான் போட்டான்” என்றாள். “எடுத்துப் பேசினது நான்.”